திண்டுக்கல் வெயிலில் படம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு

கேமராவோடு மலைக்கோட்டைப் படியேறும் தம்பி தங்கைகளே, நம் ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அதை ஷட்டருக்கும் அப்பர்ச்சருக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற முடிவு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

1. ஐஎஸ்ஓவை முதலில் பாருங்கள். முந்தின நாள் இரவு கல்யாண வீட்டில் வைத்த 1600 அப்படியே இருக்கும். வெயிலுக்கு 100 போதும்.

2. பழைய கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். மேகமில்லாத வெயிலில் எஃப்/16 வைத்தால், ஐஎஸ்ஓ 100க்கு ஷட்டர் 1/125 நொடி. அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் திறந்தால் ஷட்டரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்: எஃப்/11க்கு 1/250, எஃப்/8க்கு 1/500, எஃப்/5.6க்கு 1/1000, எஃப்/4க்கு 1/2000. எல்லாவற்றிலும் சென்சாரில் விழும் வெளிச்சம் ஒன்றுதான். படம்தான் வேறு வேறு.

3. இந்தப் படத்துக்கு எது முக்கியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைச் சுவரும் தூரத்துச் சிறுமலையும் சேர்ந்து தெளிவாக வேண்டுமா? எஃப்/8 அல்லது எஃப்/11. எஃப்/22 வரை மூடினால் ஒளி சிதறிக் கூர்மை மங்கும். ஜல்லிக்கட்டா? வாடிவாசலை விட்டுக் காளை பாயும் நொடியில் ஷட்டர் 1/1000க்குக் கீழே இறங்கவே கூடாது. அப்போதுதான் குளம்பு கிளப்பிய மண் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும்.

4. முகம் மட்டும் துலங்கிப் பின்னணி கலைய வேண்டுமென்றால் எஃப்/2 வரை திறப்பீர்கள். கணக்குப்படி 1/8000 தேவை. பல கேமராக்கள் 1/4000லேயே நின்றுவிடும். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டரைப் போட்டால் 1/1000 போதும். ஃபில்டர் இல்லையா? நீங்கள் படம் எடுப்பவரிடம் சொல்லி ஒரு கடையின் பந்தல் நிழலுக்கு அழைத்து வாருங்கள். உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் கருநிழலும் போய்விடும்.

5. கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியல் ஃபிரேமை நிறைத்தால் பூ அழுக்காகத் தெரியும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்புக் காளை நிறைத்தால் வெளிறும். ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

6. வெளிச்சமான இடத்தைக் காப்பாற்றுங்கள். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டினால் உடனே குறையுங்கள். நிழலை ஓரளவு பிறகு மீட்கலாம். வெந்து வெளுத்த இதழின் நரம்பை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

7. ஒரே பூக்கடையை, ஒரே இடத்தில் நின்று, இரண்டாவது அறிவுரையில் உள்ள ஐந்து அளவிலும் எடுங்கள். வீட்டில் பெரிய திரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் படம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் வாத்தியார்.