கணனிப் பாடம்: லினக்ஸை நீக்கி இடத்தை மீட்போம்

பிள்ளைகள் படிப்புக்காக விண்டோஸுடன் லினக்ஸையும் ஒரே கணனியில் நிறுவுவதுண்டு. தேவை முடிந்ததும் அந்த இடத்தை மீட்கலாம். விண்டோஸ் 8 (2012) முதல், விண்டோஸுடன் விற்பனைக்கு வந்த கணனிகளுக்கு இம்முறை பொருந்தும்.

1. லினக்ஸில் உள்ள குடும்பப் படங்களை முதலில் வெளி டிஸ்க்கில் பிரதி எடுப்போம். விண்டோஸில் அவை சாதாரணமாகத் தெரியா. தெரியாததை வெறுமை என்று எண்ணி அழித்துவிடக் கூடாது.

2. கணனியின் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மனேஜரை' முதலில் வைத்து, விண்டோஸ் தானாகத் திறக்கிறதா எனப் பார்ப்போம்.

3. 'டிஸ்க் மனேஜ்மென்ட்' சென்று, லினக்ஸுக்கு ஒதுக்கிய அளவைக் கொண்டு அதன் பகுதியை அறிந்து, அதை மட்டும் அழிப்போம். ஈ.எஃப்.ஐ. பகுதியைத் தொடலாகாது, அது போனால் விண்டோஸும் திறக்காது.

4. வெற்றிடம் 'சீ' பகுதியின் வலப்பக்கம் ஒட்டியிருந்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மூலம் சேர்த்துவிடலாம். இடையில் வேறு பகுதி இருந்தால், வெற்றிடத்தைப் புதிய டிரைவாக்கிப் படங்களை அதில் சேமிக்கலாம்.