முருகனைப் பாடமாகப் படிச்சா பக்தி போயிடுமா?

ஓம் சரவணபவ!

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அண்ணா, முருக வழிபாட்டைப் பத்தி எம்.ஏ.வுல ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. அப்பா வேணாங்கிறார். கேள்வி கேட்டுக் கேட்டு பக்தி போயிடுமாம்."

நான் படிச்சது இன்ஜினியரிங். இருந்தாலும், அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிடறேன்.

கோயில்ல சொற்பொழிவு கேட்பது வேற, பல்கலைக்கழகத்தில் மதத்தைப் படிப்பது வேற. அங்கே "முருகன் இருக்காரா?" என்பது கேள்வியே இல்லை. "யார், எப்போ, எப்படிக் கும்பிட்டாங்க? ஆதாரம் என்ன?" இதுதான் கேள்வி. நம்பாதவரும் அந்த வகுப்பில் உட்காரலாம். சட்டமும் இதைப் பிரிச்சுத்தான் பார்க்குது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. ஆனா குருநானக்கின் வாழ்க்கையையும் உபதேசத்தையும் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது மத போதனை ஆகாதுன்னு 1971-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம் எல்லாத்துக்கும் தனித்தனித் துறை இருக்கு.

சரி, சித்தப்பாவோட பயத்துக்கு வருவோம். அதுல நியாயம் இல்லாம இல்லை.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வடக்கே ஆண்ட குஷாண மன்னன் ஹுவிஷ்கன் தங்கக்காசு வெளியிட்டான். அதுல கிரேக்க எழுத்தில் ஸ்கந்த குமாரன், விசாகன்னு பேர் பொறிச்சிருக்கு. நமக்கு ரெண்டும் ஒரே சாமியோட பேர். ஆனா காசுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தனி உருவங்கள்! அப்போ நம்ம முருகன் ஒருத்தரா, பல தெய்வங்கள் ஒண்ணா சேர்ந்து வந்தவரா? இதைப் படிச்ச ராத்திரி எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மறுநாள் காலையில் வழக்கம்போல கவசம் சொன்னேன், வாய் நிக்கலை.

இன்னொண்ணு. சங்க காலத்துல பொண்ணுக்கு வந்த காதல் நோயை, முருகன் அணங்கியதுன்னு நினைச்சு அம்மா வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துவாங்க. நற்றிணை 34-ஆம் பாட்டுல தோழி நேரா முருகனையே கேக்குறா: இது உன்னால வந்த நோய் இல்லைன்னு தெரிஞ்சும் வந்து நிக்கிறியே, கடவுளா இருந்தாலும் நீ அறியாதவன்தான்னு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இப்படி ஒரு கேள்வி! அந்தப் பாட்டை யாரும் தூக்கி எறியலை, பத்திரமா வெச்சிருந்து நம்ம கையில கொடுத்திருக்காங்க.

வேலை? ஐ.டி. மாதிரி கேம்பஸ்ல வந்து அள்ளிட்டுப் போக மாட்டாங்க. அதையும் மறைக்காம சொல்லிட்டேன்.

சித்தப்பா இன்னும் சம்மதிக்கலை. அடுத்த மாசம் எங்ககூட பழனிக்கு வர்றார். படியேறும்போது நற்றிணைப் பாட்டைச் சொல்லிப் பார்க்கணும்.

முருகா சரணம் 🙏