டிவி பைலட்டும் நிஜ பைலட்டும்: விண்வெளியில் துரத்திப் பிடிக்க முடியுமா?



எங்க மாமா சின்ன வயசுல பார்த்த ஒரு டிவி தொடரைப் பத்தி இன்னமும் சொல்லிக்கிட்டே இருப்பார். பேரு ‘கேப்டன் வியோம்’. 1998-ல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்தது. இயக்கியவர் கேதன் மேத்தா. கேப்டனாக நடித்தவர் மிலிந்த் சோமன். கதை நடக்கும் வருஷம் 2123. விண்வெளிச் சிறையிலிருந்து தப்பித்த பன்னிரண்டு பயங்கரக் குற்றவாளிகளைக் கேப்டன் தேடித்தேடிப் பிடிப்பார். இந்தி ஒரு வார்த்தை புரியாமலே மாமா வாராவாரம் பார்த்தாராம்! ‘வியோம்’ என்றால் வடமொழியில் ஆகாயம். இஸ்ரோ 2020-ல் காட்டிய பெண் ரோபோவுக்கும் இதே சொல்லை வைத்துத்தான் ‘வியோமமித்ரா’ என்று பெயரிட்டார்கள்.

இதே மாதிரி அமெரிக்காவில் 1978-ல் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்று ஒரு தொடர் வந்தது. அதில் ஸ்டார்பக் என்று ஒரு போர் விமானி. ‘வைப்பர்’ என்ற சின்ன விண்கலத்தில் எதிரியைத் துரத்துவான், சர்ருனு வளைவான், பின்னாடி போய்ச் சுடுவான். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விண்வெளியில் அப்படி வளைய முடியுமா?

குப்பனூரிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும்போது கொண்டை ஊசி வளைவில் பஸ் எப்படித் திரும்புது? டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடிச்சா மட்டும் போதாது. டயர் ரோட்டைப் பிடிக்கணும். அந்த உராய்வுதான் பஸ்ஸைத் திருப்புது. மழையில் ரோடு வழுக்கினா, ஸ்டீயரிங் என்ன ஒடிச்சாலும் பஸ் நேராத்தான் போகப் பார்க்கும். ஆகாய விமானத்துக்கு ரோடு இல்லை, காற்று இருக்கு. இறக்கையைச் சாய்த்துக் காற்றைத் தள்ளித் திரும்புது. விண்வெளியில் ரோடும் இல்லை, காற்றும் இல்லை. எதைப் பிடிச்சுத் திரும்புவது? தானே வாயுவைப் பீய்ச்சி அடிச்சு, அதன் எதிர்விசையில்தான் திரும்பணும். (காற்று இல்லாததால் வெடிச் சத்தமும் கேட்காது. அதைச் சொன்னா மாமா டிவியை அணைச்சிடுவார்.)

அப்புறம் ஏன் விமானம் மாதிரியே காட்டுறாங்க? 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைக் காட்சிகளை மாதிரியா வைச்சுத்தான் விண்வெளிச் சண்டையை அமைத்தார்கள். அதையே பார்த்து எல்லாரும் பழகிட்டோம். 2003-ல் கலாக்டிகாவை மறுபடி எடுத்தபோது கொஞ்சம் திருத்தினாங்க. வைப்பரின் பக்கங்களில் சின்னச் சின்ன வாயு உந்திகள் வைத்து, போகிற வேகத்திலேயே அப்படியே பின்பக்கம் திரும்பிச் சுடுவது போலக் காட்டினாங்க. அது சரியான அறிவியல். இன்னொரு மாற்றம், ஸ்டார்பக் இந்தத் தடவை ஒரு பெண்.

சரி, டிவியை விடுவோம். நிஜமாவே ஒரு போர் விமானி விண்வெளியில் துரத்திப் பார்த்திருக்கார். அவர் ஜேம்ஸ் மெக்டிவிட். கொரியப் போரில் 145 முறை சண்டைக்குப் பறந்தவர். 1965 ஜூன் 3-ம் தேதி ‘ஜெமினி 4’ விண்கலத்தில் எட்வர்டு ஒயிட்டோடு கிளம்பினார். மேலே போனதும், அவங்களைத் தூக்கிட்டு வந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு கொஞ்ச தூரத்தில் மிதந்துக்கிட்டு இருந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்பது ஒரு வேலை. மெக்டிவிட் என்ன செய்தார்? விமானத்தில் செய்வது போல அதை நேராகப் பார்த்து உந்தியை இயக்கினார். கிட்ட வரவில்லை, விலகிப் போனது! மறுபடி இயக்கினார். இன்னும் விலகியது. ஏறக்குறைய பாதி எரிபொருள் தீர்ந்த பிறகு முயற்சியைக் கைவிட்டார்கள். அவரு தைரியத்தில் குறை இல்லை, கையில் பழக்கமும் நிறைய. ஆனாலும் தோற்றார்.

ஏன்? இதுதான் நான் படிச்சதிலேயே ரொம்ப ஆச்சரியமான விஷயம். விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவாங்க இல்லையா? உள்கோட்டில் ஓடுபவருக்குத் தூரம் கம்மி, வெளிக்கோட்டில் ஓடுபவருக்கு அதிகம். பூமியைச் சுற்றும் பாதையும் அப்படித்தான். அது மட்டும் இல்லை, பூமிக்குக் கிட்ட இருப்பது ஈர்ப்பில் விழாமல் சுற்ற வேண்டுமானால் வேகமாகவும் ஓடணும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஒரு சுற்றை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்குது. 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கும் நிலாவுக்கு 27 நாள் ஆகுது!

இப்போ முன்னாடி போகிறவரைப் பிடிக்க நீங்கள் வேகத்தைக் கூட்டினால் உங்க பாதை மேலே தூக்கிக்கும். அதாவது வெளிக்கோட்டுக்குப் போயிடுவீங்க. தூரமும் அதிகம், சுற்றவும் நேரம் அதிகம். அதனால் பின்தங்கிடுவீங்க. பிடிக்கணும்னா பிரேக் போடணும்! வேகத்தைக் குறைத்தால் பாதை கீழே இறங்கும், உள்கோட்டுக்கு வந்து முந்திடலாம். அப்புறம் சரியான நேரத்தில் மறுபடி மேலே ஏறணும். இதை நான் மூணு தடவை படிச்ச பிறகுதான் நம்பினேன்.

இதைக் கணக்குப் போட்டுச் செய்தபோது வேலை நடந்தது. அதே 1965 டிசம்பர் 15-ல் ‘ஜெமினி 6ஏ’ கலத்தில் போன வால்டர் ஷிர்ரா, ரேடாரும் கணினியும் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமா உந்தி, கிளம்பி சுமார் ஆறு மணி நேரத்தில் ‘ஜெமினி 7’ பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டு கலத்துக்கும் இடைவெளி ஒரு கட்டத்தில் ஓர் அடிதான். நிலாவில் இரண்டாவதாகக் கால் வைத்த ஆல்ட்ரினைத் தெரியும் இல்லையா? அவரும் கொரியப் போரில் இரண்டு மிக்-15 விமானங்களை வீழ்த்திய போர் விமானிதான். ஆனா அதோட நிற்காமல் கல்லூரிக்குப் போய், விண்வெளியில் இரண்டு கலங்களைச் சேர்ப்பது எப்படி என்பதையே ஆராய்ச்சி செய்து 1963-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

நம்ம சுபான்ஷு சுக்லாவை எடுத்துக்குங்க. இந்திய விமானப்படையின் சோதனை விமானி. சுகோய்-30, மிக்-21 எல்லாம் ஓட்டியவர். 2025 ஜூன் 25-ல் கிளம்பிய ‘ஆக்ஸியம்-4’ பயணத்தில் அவர்தான் பைலட். ராக்கெட் பத்து நிமிஷத்துக்குள் சுற்றுப்பாதைக்குக் கொண்டு போயிடுச்சு. ஆனா நிலையத்தில் போய் ஒட்ட 28 மணி நேரம் ஆச்சு. கீழ்ப்பாதையில் சுற்றிச் சுற்றி, படிப்படியா ஏறித்தான் சேர்ந்தது. அதையும் கணினி தானாகவே செய்தது. பைலட்டின் வேலை திரையை விடாமல் கண்காணிப்பதும், தப்பு நடந்தால் கையில் எடுப்பதும். அந்தப் பயணத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? பெக்கி விட்சன். போர் விமானி இல்லை, உயிர்வேதியியல் படித்த பெண் விஞ்ஞானி! மொத்தம் 690 நாளுக்கு மேல் விண்வெளியில் இருந்தவர்.

அப்படின்னா ஏன் இன்னும் போர் விமானிகளைத் தேடுறாங்க? ககன்யானுக்கு 2024 பிப்ரவரியில் அறிவித்த நாலு பேரும் விமானப்படையினர்தான். சுக்லாவோடு பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அங்கத் பிரதாப், அப்புறம் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். போர் விமானம் வேகமா வளையும்போது உடம்பு எடை ஒன்பது மடங்கு வரை கூடுவது போல அழுத்தும். 45 கிலோ இருக்கும் நீங்க 405 கிலோ மாதிரி! தலையிலிருந்து ரத்தம் இறங்கிக் கண் இருட்டும். அந்த நேரத்திலும் மீட்டரைப் பார்த்து, எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தணும்னு மறக்காம இருக்கப் பழகியவங்க அவங்க. புது விமானத்தில் கோளாறு வந்தால் பதறாமல் குறிப்பு எழுதுவது சோதனை விமானியின் தினசரி வேலை.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. நாலு பேரில் பெண் இல்லை. போர் விமானச் சோதனை விமானிகளில் இப்போதைக்குப் பெண்கள் இல்லை என்று 2023-ல் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் காரணம் சொன்னார். நம்ம விமானப்படையில் முதல் மூன்று பெண் போர் விமானிகள், அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங், சேர்ந்ததே 2016-ல்தான். தேசியப் பாதுகாப்பு அகாதமி நுழைவுத் தேர்வைப் பெண்கள் முதன்முதலா எழுதியது 2021 நவம்பரில். அதில் சேர்ந்த முதல் 17 பெண்கள் 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தாங்க. அந்த அகாதமி வழியா பைலட் ஆகணும்னா பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் கட்டாயம். பத்தாவது முடிச்சு குரூப் எடுக்கும்போது, கணக்கு கஷ்டம்னு விடப் போறவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுக்குங்க. நான் கணக்கு எடுக்கப் போறேன்.

இந்த வாரப் புதிர்: நீங்க விண்வெளி நிலையத்துக்குப் பின்னாடி வர வேண்டியவங்க. தப்பா முந்திப் போயிட்டீங்க. அதே உயரத்தில், நிலையத்துக்கு 10 கி.மீ. முன்னாடி இருக்கீங்க. நிலையத்தைச் சேர முதலில் வேகத்தைக் கூட்டணுமா, குறைக்கணுமா? காரணத்தோடு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்க. விடை அடுத்த தாளில்.

– பத்தாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம்