வளரிளம் பிள்ளைகளோடு இரண்டு நாள் பயணம்: திட்டமிடுவது எப்படி?



நம் குழுக்களில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ பேசுகிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள நம் பிள்ளைகளோடு சனி, ஞாயிறு இரண்டு நாள் வெளியூர் போய் வருவதைப் பற்றியது. "இது ஒரு பாடமா?" என்று சிரிக்காதீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஒரு பெரிய தவறு செய்த பிறகுதான் இது பாடம் என்று புரிந்தது.

பாடத்தின் நோக்கம்

1. பயணத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து திட்டமிடக் கற்றுக்கொள்ளுதல்.
2. கடன் வாங்காமல் பயணத்துக்குப் பணம் சேர்த்தல்.
3. போன எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வருதல்.

நாங்கள் செய்த தவறு

2022 காலாண்டு விடுமுறையில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஏழு அம்மாக்களும் பதினோரு பிள்ளைகளும் ஒரு வேனில் கிளம்பினோம். எந்த ஊர், எந்தக் கோவில், எங்கே சாப்பாடு என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் நாங்களே முடிவு செய்தோம். ஒரே நாளில் ஏழு கோவில்! மூன்றாவது கோவிலிலேயே பிள்ளைகள் வேனை விட்டு இறங்கவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "காசு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குதுங்க" என்று நாங்கள் திட்டினோம்.

சாயங்காலம் காவிரிக் கரையில் ஒரு படித்துறையில் வேன் நின்றது. நாங்கள் டீ குடிக்கப் போனோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் யாரிடமும் சொல்லாமல் ஆற்றில் இறங்கிவிட்டான். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. நாலு படி வரைக்கும் கால் நின்றது, ஐந்தாவது படியில் படியே இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சேலையை வீசி, "பிடிச்சுக்கடா தம்பி" என்று கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

வீடு திரும்பும்வரை வேனில் யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில்தான் அந்தப் பையனின் அம்மா சொன்னார்: "ஏன்டா இறங்குனேன்னு கேட்டேன். காலையிலேருந்து எனக்குப் பிடிச்சது ஒண்ணுகூட நடக்கல, தண்ணி ஒண்ணுதான் பிடிச்சிருந்துச்சுன்னு சொல்றான்."

அந்த வார்த்தை எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அவனை நாங்கள் யாரும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

படி 1: முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள்

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தன் பேச்சுக்கும் மதிப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருக்கும். சின்னக் குழந்தையைப் போலக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது. முழுப் பொறுப்பையும் அவர்கள் தலையில் விடவும் முடியாது.

எனவே பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஒரு கூட்டம் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றைச் சீட்டில் எழுதிப் போடட்டும். பேர் எழுத வேண்டாம். எங்கள் கூட்டத்தில் வந்த சீட்டுகள் இவை: கடல், ரயில், கோட்டை, "விடிய விடிய பேசிக்கிட்டு இருக்கணும்", "யாரும் என்னை அக்கா பொண்ணோட ஒப்பிடக் கூடாது". கடைசிச் சீட்டைப் படித்தபோது அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். ரயில், பஸ் நேரம் விசாரிக்க இருவர், கணக்கு எழுத இருவர், மருந்துப் பைக்கு ஒருவர். பெண் பிள்ளைக்குச் சமையல், ஆண் பிள்ளைக்குக் கணக்கு என்று பழைய வழக்கப்படி பிரிக்காதீர்கள். எங்கள் பயணத்தில் கணக்கு நோட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களை ஆண் பிள்ளைகள்தான் கழுவினார்கள்.

படி 2: இடமும் காலமும்

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். எங்கள் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது தஞ்சாவூரும் தரங்கம்பாடியும். கோவில் வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் இருந்தது. கடல், ரயில், கோட்டை என்று அவர்கள் கேட்டதும் இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் தஞ்சாவூர், அங்கிருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு ரயில், பிறகு தரங்கம்பாடிக்கு பஸ்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரம் மழையும் புயலும் வரும். மே மாதம் வெயில் தாங்காது. மார்ச் மாதம் பொதுத்தேர்வு. பொங்கல் கழிந்து ஜனவரி கடைசி எங்களுக்கு வசதியாக இருந்தது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் அவர்களைக் கேட்டே தேதி வையுங்கள்.

போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பிள்ளைகளுக்குச் சுவாரசியம் கூடும். தஞ்சைப் பெரிய கோவில் ராஜராஜ சோழன் காலத்தில் 1010-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கல்வெட்டுகளில் கோவிலில் பணி செய்த 400 பெண்களின் பெயர்களும், ஒவ்வொருவருக்கும் கொடுத்த வீடும் நெல் பங்கும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முன் உழைத்த பெண்களின் பெயர் கல்லில் இருக்கிறது என்றபோது எங்கள் அம்மாக்களே சுவரைத் தடவிப் பார்த்தார்கள். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று ஊரில் சொல்வதைப் பிள்ளைகள் நேரில் பார்த்து, "நிழல் நல்லாவே விழுது, யாரோ கதை விட்டிருக்காங்க" என்று சிரித்தார்கள். கேட்டதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்ப்பதும் ஒரு படிப்புதான்.

தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க் என்ற பாதிரியார் தமிழ் கற்று, தமிழில் புத்தகம் அச்சடித்தார். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே பள்ளி தொடங்கினார். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கிய ஊர்களில் தரங்கம்பாடியும் ஒன்று. இதையெல்லாம் முன்கூட்டியே படித்து, கோட்டை வாசலில் நின்று எங்களுக்குச் சொன்னது பிள்ளைகள்தான்.

படி 3: பணம்

பயணத்துக்குக் குழுவில் கடன் வாங்காதீர்கள். குழுச் சேமிப்பிலும் கை வைக்காதீர்கள். தனியாக ஒரு பயண உண்டியல் வையுங்கள். நாங்கள் வாரம் 50 ரூபாய் வீதம் 30 வாரம் போட்டோம். ஒரு அம்மா, ஒரு பிள்ளை என்று இரண்டு பேருக்கு 1,500 ரூபாய். அதை இப்படிப் பிரித்தோம்:

பஸ், ரயில், ஆட்டோ: 600 ரூபாய்
சாப்பாடு: 450 ரூபாய்
தங்குமிடத்துக்குப் பங்கு: 100 ரூபாய்
நுழைவுச் சீட்டு: 50 ரூபாய்
பிள்ளையின் கைக்காசு: 100 ரூபாய்
அவசரத்துக்கு: 200 ரூபாய்

இது எங்கள் கணக்கு. உங்கள் ஊர் தூரத்தையும் இன்றைய கட்டணத்தையும் விசாரித்து உங்கள் கணக்கைப் போடுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் 12 வயது முடிந்த பிள்ளைகளுக்கு முழு டிக்கெட் என்பதை மறக்காதீர்கள். வயது காட்டப் பள்ளி அடையாள அட்டையோ ஆதார் நகலோ கையில் இருக்கட்டும்.

கைக்காசு 100 ரூபாயைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். எதற்குச் செலவு செய்தாய் என்று குடையாதீர்கள். எங்களில் ஒரு பையன் முதல் நாளே எல்லாவற்றையும் ஐஸ்கிரீமுக்குச் செலவழித்துவிட்டு, மறுநாள் சங்கு வாங்கக் காசில்லாமல் நின்றான். பத்துக் கூட்டத்தில் சொன்னாலும் ஏறாத சிக்கனப் பாடம் அன்றைக்கு ஏறியது.

தங்குவதற்கு ஒரு உறுப்பினரின் நாத்தனார் வீடு மயிலாடுதுறையில் கிடைத்தது. அரிசி, பருப்பு, காய்கறியை நாங்களே கொண்டுபோய்ச் சமைத்தோம். சொந்தக்காரர் வீடு என்றாலும் அவர்களுக்குச் சுமை வைக்கக் கூடாது.

படி 4: வீட்டில் பேசுதல்

"வயசுக்கு வந்த புள்ளையை எங்க இழுத்துக்கிட்டுப் போற?" இந்தக் கேள்வி பல வீடுகளில் வந்தது. சண்டை போடாதீர்கள். யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்கு எந்த ஊரில் இருப்போம் என்று ஒரு தாளில் எழுதி மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் கொடுங்கள். இரவு ஒரு முறை போன் செய்வதாகச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். தம்பியை அனுப்பி அக்காவை நிறுத்திவிடும் வீட்டில், "இரண்டு பேரும் நம்ம புள்ளைங்கதானே?" என்று அமைதியாகக் கேளுங்கள். குழுவிலிருந்து இரண்டு பேர் போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

படி 5: பாதுகாப்பு

• நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுங்கள்.
• பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேரட்டும். கழிப்பறைக்குப் போனாலும் ஜோடியோடு.
• ஆறு, குளம், கடல் எதிலும் பெரியவர் பக்கத்தில் நிற்காமல் இறங்கக் கூடாது. கடலில் முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம். மீனவர்கள் "இங்க இறங்காதீங்க" என்றால் இறங்காதீர்கள்.
• யாராவது தண்ணீரில் மாட்டினால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. சேலை, துப்பட்டா, கயிறு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது வீசுங்கள். அந்தப் பாட்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.
• மருந்துப் பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருக்கட்டும்.
• பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், மாற்று உடை, பழைய பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு வந்து கோவிலுக்குள் வராத பிள்ளையைத் தனியாக வெளியே உட்கார வைக்காதீர்கள். ஒரு பெரியவர் கூடவே இருங்கள். "ஏன் வரல?" என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள்.
• ஒவ்வொரு பிள்ளையும் இந்த எண்களை மனப்பாடம் செய்யட்டும்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098, பெண்கள் உதவி 181, ரயிலில் உதவி 139. அம்மாவின் போன் எண்ணையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளில் நான்கு பேருக்குத் தெரியவில்லை!

படி 6: செல்போன்

போனைப் பிடுங்கி வைத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளைகளே விதி எழுதட்டும் என்றோம். அவர்கள் எழுதியது: சாப்பிடும்போது போன் இல்லை. அடுத்தவர் படத்தை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது. ஊர் திரும்பும் முன் எந்தப் படத்தையும் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "அம்மாக்களும் சாப்பிடும்போது போன் பேசக் கூடாது." நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

பயணத்தில் கிடைத்தது

2024 ஜனவரி கடைசியில் போய் வந்தோம். ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். ஒரு பெண்ணுக்கு செருப்பு அறுந்தது. சாம்பாரில் உப்பு அதிகம். ஆனாலும் பதினெட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே திரும்பினோம். ஆற்றில் இறங்கிய அந்தப் பையன்தான் கடற்கரையில் விசில் வைத்துக்கொண்டு, முழங்காலுக்கு மேல் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நான் பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கறதில்ல. அங்க பாத்ரூம் போக முடியாது. தாழ்ப்பாளும் இல்ல, தண்ணியும் வராது." அடிக்கடி வயிற்று வலி என்று அந்தப் பெண்ணை இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏன்டி இத்தனை நாள் சொல்லல?" என்றார். "நீ எப்பவும் அவசரத்துலயே இருக்கியேம்மா" என்றாள் அவள். அவள் சொன்னதும் மற்றப் பெண் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

ஊர் வந்ததும் ஏழு அம்மாக்களும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனார்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான் என்பதை நினைவில் வையுங்கள். மூன்று கூட்டம் விடாமல் கேட்ட பிறகு தாழ்ப்பாள் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. அந்தப் பெண் இப்போது பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறாள்.

வீட்டில் அடுப்படிக்கும் வேலைக்கும் நடுவில் பிள்ளை சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல, இரண்டு நாள் நாம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தது போதுமானதாக இருந்தது. வெளியூர் போக வசதி இல்லாதவர்கள் பக்கத்து ஊர் ஏரிக்கரைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஒரு நாள் போனாலும் போதும். பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. உங்கள் பிள்ளைக்கு மிகவும் பிடித்த இடம் எது? கேட்காமல் சொல்ல முடிகிறதா?
2. கடைசியாக உங்கள் மகளோடு அல்லது மகனோடு வேலை எதுவும் இல்லாமல் எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்?
3. பயணம் என்றால் உங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அனுமதி கிடைக்கிறதா?
4. உங்கள் ஊர் ஆறு, குளம், கிணறு எவற்றில் ஆபத்தான இடம் இருக்கிறது? பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் வளரிளம் பிள்ளைகளை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள். வந்த விருப்பங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பயண உண்டியல் தொடங்க முடிவு செய்தால் வாரம் எவ்வளவு, யார் பொறுப்பு என்பதையும் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உங்கள் பிரதிநிதி மூலம் தெரிவியுங்கள். நீங்கள் போய் வந்த அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். தவறு நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த குழுவுக்கு அதுதான் அதிகம் உதவும்.

வாழ்த்துக்களுடன்,
கள ஒருங்கிணைப்புக் குழு