பழைய செய்நிரலும் புதிய மொழியும்

தமிழ் கற்பிக்கும் நாம் கணினிமொழி பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். பழையதொன்றைப் புதிய வழக்கிற்குக் கொணருங்கால் நேரும் இடர் எம்மொழிக்கும் பொதுவாதலின் எழுதத் துணிந்தோம்.

கொழும்புப் பங்குச் சந்தையில் 1997ஆம் ஆண்டு முதல் வணிகம் கணினி வழியே நடைபெறுகின்றது. பங்குகளை எப்பொழுது வாங்குவது, எப்பொழுது விற்பது என்னும் விதிகளைச் செய்நிரலாக எழுதிப் பழைய பதிவுகளிற் சோதிப்போர் உலகெங்கும் உளர். அதற்குப் பயன்படும் மொழிகளுள் ஒன்று, எமது உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் பைதன். அதன் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பிற்குரிய பேணுகை 2020 சனவரி முதலாந் திகதியோடு நின்றது. ஆகவே பழைய செய்நிரல்களை மாற்றுதல் இன்றியமையாததாயிற்று.

மாற்றத்தில் இருவகை இடருண்டு. அடைப்புக்குறியின்றி எழுதிய பழைய அச்சிடற் கட்டளையைப் புதிய பதிப்பு ஏலாது நின்றுவிடும். நாமும் உடனே திருத்துவோம். வழக்கொழிந்த சொல்லைக் கண்டவன் அகராதியைப் புரட்டுதல் போல்வது இது. மற்றையது, வடிவம் மாறாது பொருள் மாறுவது. முன்னர் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. அறியாதவன் தயங்காது படித்துப் பிழைபட உணர்வான்.

வகுத்தற்குறி அத்தகையது. ஒரு பங்கு நாளொன்றுக்குச் சராசரி 1,000 கைமாறுகின்றது என்க. இன்று 1,500 கைமாறின. இன்றைய தொகையைச் சராசரியால் வகுத்த ஈவு 1இனும் மிகுந்தால் வாங்குக என்பது விதி. முழு எண்களை வகுக்குங்காற் பழைய பதிப்புப் பின்னத்தை விடுத்து 1 என்னும், வாங்காது. புதியது 1.5 என்னும், வாங்கிவிடும். தொகை இருமடங்கானாலன்றி அசையாத விதி, ஒரு பங்கு மிகுந்தாலும் பணத்தை ஈடுபடுத்தும் விதியாயிற்று. கணினியோ பிழையெதுவுங் கூறாது.

பின்னத்தோடு கணிப்பதே ஆசிரியன் கருத்தாயிருத்தல் கூடும் எனின், கூடும். ஆயினும் சோதனையில் தேறியது அவன் கருத்தன்று. பழைய செய்நிரல் செய்த செயலேயாம். ஆதலின் முதலிற் பின்னம் விடுத்து வகுக்கும் இரட்டைச் சாய்கோட்டுக் குறியையிட்டுப் பழைய பொருளைக் காக்க. இரு செய்நிரல்களையும் ஒரே பதிவில் இயக்கி, வாங்கிய நாள், விற்ற நாள், தொகை யாவும் ஒத்தனவா என நிரைநிரையாக ஒப்புநோக்குக. ஒத்தபின்னரே விதியைத் திருத்துக. திருத்தியதைப் புதிதாகச் சோதிக்க.

பெயர்த்தலும் திருத்தலும் வெவ்வேறு தொழில்கள். இரண்டையும் ஒருங்கே செய்பவன், பிழை எதனால் வந்ததென்று அறியமாட்டான். மாணவர் இதனை மனங்கொள்வாராக.