மேற்கோளில் வாழும் ஆய்வு

நுழையும்முன்

முன்னோர் கண்டறிந்த உண்மையை அடித்தளமாகக் கொண்டே பின்னோர் புதியன காண்கின்றனர். எவருடைய ஆய்வு தமக்குத் துணைநின்றது என்பதைப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆய்வு அறமாகும். அவ்வாறு சுட்டுவதே மேற்கோள். ஓர் அறிஞரின் பங்களிப்பை மேற்கோள்களின் எண்ணிக்கை முழுமையாகக் காட்டுமா? இயற்பியல் வேதியியல் அறிஞர் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வுவாழ்வு இவ்வினாவை எழுப்புகிறது.

கரியில் தொடங்கிய பயணம்

ரோசலிண்ட் பிராங்க்ளின் 1920ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் பயின்றார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942இல் நிலக்கரி ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியேற்றார். நிலக்கரியினுள் இருக்கும் நுண்துளைகளை ஹீலியம் வாயுவின் துணையோடு ஆராய்ந்தார். அத்துளைகளின் குறுகிய வாயில்கள் சிறிய மூலக்கூறுகளை உள்ளே விட்டுப் பெரியவற்றைத் தடுத்து, சல்லடைபோலச் செயல்படுவதைக் கண்டார். இவ்வாய்வு 1945இல் அவருக்கு முனைவர் பட்டத்தைப் பெற்றுத்தந்தது.

1947இல் பாரிசுக்குச் சென்ற அவர், எக்ஸ் கதிர்களைக்கொண்டு பொருள்களின் உள்ளமைப்பை அறியும் முறையில் தேர்ச்சி பெற்றார். சில கரிப்பொருள்கள் மிகுந்த வெப்பத்தில் கிராபைட்டாக மாறுகின்றன. வேறு சில 3000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினும் மாறுவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை உள்ளமைப்பின் வழி விளக்கி, 1951இல் அவர் கட்டுரை வெளியிட்டார். கிராபைட்டாக மாறாத அவ்வகைக் கரியே இன்று சோடியம் அயனி மின்கலங்களின் எதிர்மின்வாயில் பயன்படுகிறது. ஆதலால் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் மின்கல ஆய்வாளர்கள் அக்கட்டுரையை மேற்கோள் காட்டிவருகின்றனர்.

எண்ணப்படாத பங்களிப்பு

1951இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. குறித்த ஆய்வைப் பிராங்க்ளின் தொடங்கினார். ஈரப்பதத்திற்கு ஏற்ப டி.என்.ஏ. இழை இருவேறு வடிவங்களைப் பெறுவதை, மாணவர் ரேமண்ட் காஸ்லிங்குடன் இணைந்து தெளிவுபடுத்தினார். 1952இல் அவர்களது ஆய்வில் பதிவான 51ஆம் எண் படம், சுருள் அமைப்பிற்கான சான்றைத் தெளிவாகக் காட்டியது. 1953ஆம் ஆண்டு ஜனவரியில் அப்படத்தை உடன்பணியாற்றிய மாரிஸ் வில்கின்ஸ், ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். இது பிராங்க்ளினுக்குத் தெரியாது.

1953 ஏப்ரல் 25ஆம் நாளிட்ட 'நேச்சர்' இதழில் டி.என்.ஏ. பற்றிய மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் எழுதியது முதலாவது. பிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதியது மூன்றாவது. முதற்கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் ஆறு சான்றுகளே இருந்தன. அவற்றுள் பிராங்க்ளினின் ஆய்வு இல்லை. வெளியிடப்படாத அவருடைய முடிவுகளின் பொதுவான தன்மையை அறிந்திருந்தமை தங்களுக்கு ஊக்கமளித்தது என்னும் குறிப்பு மட்டும் நன்றியுரைப் பகுதியில் இடம்பெற்றது. மேற்கோள் அட்டவணைகள் பட்டியலில் உள்ள சான்றுகளையே எண்ணுகின்றன; நன்றியுரையில் வரும் பெயர்களை எண்ணுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கட்டுரைகளுள் ஒன்றிற்குத் துணைநின்ற உழைப்பு, இவ்வாறு கணக்கில் ஏறாமற்போனது.

வைரஸ் ஆய்வும் மறைவும்

1953இல் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறிய பிராங்க்ளின், புகையிலை மொசைக் வைரஸின் அமைப்பை ஆராய்ந்தார். அதன் ஆர்.என்.ஏ. இழை நடுவிலுள்ள வெற்றிடத்தில் இல்லை. புரத அலகுகளுக்கிடையே பொதிந்துள்ளது என்பதை நிறுவினார். புற்றுநோயால் தாக்கப்பட்ட பின்னரும் ஆய்வைக் கைவிடவில்லை. 1958 ஏப்ரல் 16ஆம் நாள், தம் 37ஆம் வயதில் மறைந்தார்.

டி.என்.ஏ. ஆய்வுக்கான நோபல் பரிசு 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. மறைந்தோரை அப்பரிசுக்குத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. பிராங்க்ளினுடன் வைரஸ் ஆய்வில் ஈடுபட்ட ஆரோன் குளுக், 1982இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

அளவுகோலும் அறமும்

ஒரு கட்டுரை பிறருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை மேற்கோள் எண்ணிக்கை ஓரளவு உணர்த்தும். பிராங்க்ளினின் கரி ஆய்வு அதற்குச் சான்று. ஆயினும் எழுதுவோர் சுட்டினால்தான் மேற்கோள் பிறக்கும். சுட்டாது விட்டதை எந்த அட்டவணையாலும் மீட்க இயலாது. எனவே அளவுகோலின் நேர்மை, அதற்குத் தரவு தரும் மனிதரின் நேர்மையைச் சார்ந்தே அமைகிறது. பிறர் உழைப்பைப் பெயர் சுட்டி ஏற்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே வேரூன்ற வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பிராங்க்ளினின் கல்லறைக் கல்வெட்டு, வைரஸ் குறித்த அவருடைய ஆய்வுகள் மனித இனத்திற்கு நிலைத்த பயன் தருவன எனப் போற்றுகிறது. டி.என்.ஏ. பற்றிய குறிப்பு அதில் இல்லை.

கற்பவை கற்றபின்

1. மேற்கோள், நன்றியுரை இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.
2. "எண்ணிக்கை மட்டுமே ஓர் ஆய்வின் தகுதியை முடிவுசெய்யும்" – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் உரையாடுக.
3. நீங்கள் உருவாக்கிய செயல்திட்டம் ஒன்றில் பயன்படுத்திய நூல்களையும் உதவியோரையும் முறைப்படி பட்டியலிடுக.