புதரில் பழுத்த பழம்: தின்னலாமா, கூடாதா?



லீவுக்கு ஊருக்குப் போனால் பார்க்கிறோம். தம்பி, தங்கைகள் புதரில் கறுத்திருப்பதை எல்லாம் பறித்து வாயில் போடுகிறார்கள். எது நல்லது, எது நஞ்சு?

"குருவி தின்றால் நாமும் தின்னலாம்" என்பது தவறு. உண்ணிச்செடிப் பழத்தைக் குருவி தின்னும். அதன் பச்சைக்காயோ பிள்ளைகளுக்கு நஞ்சு. "பால் வடிந்தால் விஷம்" என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. களாச்செடியில் பால் வடியும். பழத்தைத் தின்கிறோம், காயை ஊறுகாய் போடுகிறோம்.

ஒர்க் ஷாப்பில் ஒரே ஒரு அளவைப் பார்த்து ஜாபை ஓ.கே. செய்வோமா? செடியும் அப்படித்தான். இலை, முள், பூ, காய், கொட்டை எல்லாம் ஒத்துவர வேண்டும்.

1. களா: எதிரெதிரே வழவழப்பான இலை, விறைத்த முள், வெள்ளைப் பூ. காய் சிவந்து, பிறகு கறுக்கும். உள்ளே பல விதைகள்.

2. சூரை: மாறி மாறி இலை, கொக்கி போல் வளைந்த முள். பளபளக்கும் கறுப்புப் பழத்தில் ஒரே கொட்டை.

3. உண்ணி: சொரசொரப்பான இலை, கசக்கினால் நெடி அடிக்கும். ஒரே கொத்தில் பல நிறப் பூக்கள். சிறு காய்கள் கொத்தாக நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆனால் இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடமே போகாத என் அம்மா. தனக்கே தெரியாத செடி என்றால், "கை வைக்காதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

மீறி யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையும் காயுமாக ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டருக்கு அந்தக் கிளை உதவும்.

தெரிந்து தின்போம், தெரியாததை விடுவோம்!